ஒரு மண்டலம் ரொட்டி

கரையான்சாவடியில் ரொட்டி என்றால் காய்ச்சல். வேறு அர்த்தம் கிடையாது. கையில் ரொட்டிப் பாக்கெட்டோடு ஒருவன் தெருவுக்குள் நுழைந்தால், எதிரே வருகிறவன் முதலில் கேட்பது "யாருக்கு?" என்றுதான். அடுத்த கேள்வி, "எந்த டாக்டர்?" சாத்துக்குடியோடு போகிறவனைக்கூட ஒருவேளை விருந்தாளி என்று விட்டுவிடுவார்கள், ரொட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. நல்லாயிருக்கிற வீட்டுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பது கல்யாண வீட்டு வாசலில் நின்று சங்கு ஊதுகிற மாதிரி. கொடுத்தவரை வாசலோடு அனுப்பிவிட்டு, ரொட்டியை மாட்டுக்குப் போட்டு, பிள்ளைகளுக்குத் திருஷ்டியும் சுற்றிப் போடுவார்கள்.

அப்படிப்பட்ட தெருவில்தான் வரலட்சுமி வீட்டிலேயே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் பாண்டிச்சேரிக்காரி. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். விடிந்தும் விடியாமல் சைக்கிள்காரன் கொண்டுவந்து போடும் நீட்டு ரொட்டியில் வளர்ந்தவள். முழங்கை நீளம், மேலே சாய்வாக நாலு கீறல், உடைத்தால் சடசடவென்று தோல் உதிரும், உள்ளே பஞ்சு. பாண்டிச்சேரிக்கு வெல்டிங் வேலையாக வந்த வேம்புலிக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். வந்த புதிதில், "இந்த ஊர்ல ரொட்டி கிடைக்காதா?" என்று கேட்டதற்கு மாமியார் பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளாம்.

பூந்தமல்லியில் பேக்கரி இருந்தது. ஆனால் அங்கே விற்றது இனிப்பாக, தலையணை மாதிரி அமுங்குகிற சரக்கு. வேம்புலி ஒன்று செய்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்த பட்டறையில் மீந்த தகடுகளை ஒட்டிவைத்து, கதவு வைத்த ஒரு பெட்டி செய்து, மரத்தூள் அடுப்பின்மேல் அது கச்சிதமாக உட்காரும்படி கால் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். அதில் அவள் முதன்முதலாகச் சுட்டது சுவரில் ஆணி அடிக்க உதவியது. போகப்போகக் கை பழகியது. வேம்புலி அதை நெத்திலிக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுவான். "யாருக்கு ரொட்டி?" என்று தெருவில் கேட்டால், "எனக்குத்தான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து காய்ச்சல்" என்பான்.

அவனும் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பட்டறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளை இல்லை. மாதா மாதம் பென்ஷன் வந்தது, ஆள் வரவில்லை.

இந்த ரொட்டியில் ஒரு தொல்லை, ஒருத்திக்கு மட்டும் என்று செய்ய முடியாது. பெட்டியைச் சூடேற்றக் கொட்டுகிற மரத்தூளுக்கு ஒரே ஒரு ரொட்டி சுடுவது, ஒரு மிளகாய் வாங்கக் கொத்தவால்சாவடிக்கு லாரி கட்டிக்கொண்டு போவதைப்போல. குறைந்தது இரண்டாவது சுடுவாள். ஒன்றை நாளெல்லாம் தின்பாள். மற்றது சாயங்காலத்துக்குள் விறகாகிவிடும். வேம்புலி போன புதிதில், வீணாகிறதே என்று எதிர்வீட்டுப் பொன்னியம்மாவுக்குக் கொடுத்தாள். அந்த வாரமே பொன்னியம்மாவின் மாமனார் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். பொன்னியம்மா சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலாம். அன்றிலிருந்து வரலட்சுமி எதிரே வந்தால் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அப்புறம் வரலட்சுமி யாருக்கும் கொடுப்பதில்லை. யாராவது கேட்டு வந்தால்தான். தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்று காதில் விழுந்தால் மனசின் ஏதோ ஒரு மூலையில் விளக்கு எரியும். "சீ, என்ன புத்தி இது" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். போட்டுக்கொண்டே, மறுநாளைக்கு மாவு பிசைய உட்காருவாள்.

எண்பத்தேழாம் வருஷம் கோடை தொடங்குகிற சமயத்தில் துலுக்கானத்துக்கு டைபாய்டு வந்தது.

துலுக்கானம் மாட்டுத் தரகன். ஆள் எருமைக் கடா மாதிரி இருப்பான். சந்தையில் துண்டைப் போட்டு, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசினானென்றால், விற்கிறவனும் வாங்குகிறவனும் இரண்டு பேருமே தான்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஜெயித்தவன் துலுக்கானம். அவன் பெண்டாட்டி அங்கம்மா இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றினாள். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வாய் ஓயாது, கையும் ஓயாது. உட்கார்ந்து அவளை யாரும் பார்த்ததில்லை.

ஒரு காலையில் பால் சொம்போடு வந்து நின்றாள்.

"யக்கா, டாக்டரு சோறு குடுக்காதன்னுட்டாரு. ரொட்டியும் பாலுந்தான் குடுக்கணுமாம். கடை ரொட்டிய வாயில வெச்சா, இனிக்குது, கொமட்டுதுன்னு துப்பறான். நீ சுடறியே, அது ஒண்ணு குடேன். பாலு வெச்சிக்கோ."

"உள்ள வா அங்கம்மா. இப்பத்தான் உள்ள வைக்கப்போறேன். சுட்டு எடுத்துத் தர்றேன்."

"அந்தாண்ட வேல கெடக்குதே..." என்று சொல்லிக்கொண்டே அங்கம்மா உள்ளே வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். மேடையில் வேம்புலியின் பழைய எட்டு முழ வேட்டி மாவு தூவி, மடிப்பு மடிப்பாகக் கொசுவம் வைத்த மாதிரி விரிந்திருந்தது. இரண்டு மடிப்புகளுக்கு நடுவில் ஒவ்வொரு மாவுத் துண்டும் குழந்தை மாதிரி படுத்து உப்பிக்கொண்டிருந்தது.

"இன்னா யக்கா, வேட்டிக்குள்ள தூங்க வெச்சிருக்கற?"

"தூங்கத்தான் வைக்கணும். மடிப்பு இல்லன்னா பக்கவாட்டுல பரவி தோசை ஆயிடும். இங்க பாரு." விரலால் மாவை அமுக்கினாள். குழி விழுந்தது. மெதுவாக, மனசில்லாத மாதிரி, மேலே வந்தது. "இப்படி வரணும். டக்குனு எழும்பினா இன்னும் நேரம் இருக்கு. எழும்பவே இல்லன்னா காரியம் கெட்டுப்போச்சு. இந்த வெயிலுக்கு ஒரு வெத்தல போட்டுத் துப்பறதுக்குள்ள கெட்டுடும்."

"இது எங்காளு தரகு மாதிரி கீதே. சொன்ன வெலைக்கு டக்குனு ஒத்துக்கினா இன்னும் எறக்கலாம்பான். பேச்சே இல்லாம நின்னுட்டான்னா மாடு பூட்ச்சும்பான்."

வரலட்சுமி சிரித்தாள். சிரித்த சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. பிளேடால் கீறி, பெட்டிக்குள் தள்ளி, உள்ளே பழுத்துக் கிடந்த செங்கல்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வீசிக் கதவைச் சாத்தினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியதும் அங்கம்மா, "ஐய!" என்று பின்னால் குதித்தாள். அந்த ஆவியில்தான் தோல் மொறுமொறுக்கும் என்று விளக்கம் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

சுட்டு எடுத்ததும் இன்னொரு சிக்கல். இந்தத் தோலைக் குடல் புண்ணானவனுக்குக் கொடுக்க முடியாது. வரலட்சுமி தோலைச் சீவி எடுத்துவிட்டு, உள்ளே இருந்த பஞ்சை மட்டும் துணியில் முடிந்து கொடுத்தாள். முறத்தில் தோல் குவிந்தது.

"இத இன்னா பண்ணுவ?"

"நான் தின்பேன். ருசியே இதுலதான். நீ ஒண்ணு எடுத்துக்கோயேன்."

அங்கம்மா பின்வாங்கினாள். "நல்லா கீறவ நான் இன்னாத்துக்கு ரொட்டி துன்னணும்?" முறத்தைப் பார்த்தாள். "இது ரொட்டி இல்லியே. தோலுதானே?"

"தோலுதான்."

"அப்ப சரி." ஒரு துண்டை வாயில் போட்டாள். கடித்தாள். அடுத்த துண்டை எடுத்தாள். "அப்பளம் கெட்டது போ!" அப்படிச் சொல்லிவிட்டு, மனைப்பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அங்கம்மா உட்கார்ந்துவிட்டாள்.

அதிலிருந்து தினமும் காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு வருவாள். வரலட்சுமி இரண்டு டம்ளர் டீ வைப்பாள். பஞ்சு துலுக்கானத்துக்கு, தோல் இவர்கள் இரண்டு பேருக்கும். கொசுறுக்கு வந்து சரக்கையே மறக்கிற கதையாக, அங்கம்மா ஒருநாள் ரொட்டியை விட்டுவிட்டு எழுந்துபோய் வழியிலிருந்து ஓடிவந்தாள். எருமை உதைத்தது, மருமகன் குடித்தது, பொன்னியம்மா மாமனார் நன்றாக நடந்துகொண்டே நொண்டுகிற மாதிரி நடிப்பது, எல்லாம் அந்த மனைப்பலகையில் வந்து கொட்டியது. வரலட்சுமிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அது பெரிய குறையாகப் படவில்லை. கேட்க ஆள் இல்லாமல் அங்கம்மா எத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்தாளோ.

காலை அப்படிப் போய்விட்டால் மீதிப் பொழுதைத் தள்ளிவிடலாம். சாயங்காலம் மாவைக் கலந்து தண்ணீர்ப் பானையின் பக்கத்தில் வைக்கும்போது நாளைக்கு என்ன பேசலாம் என்று யோசிப்பாள். ரேடியோவில் கேட்ட ஒரு செய்தியை அங்கம்மாவுக்குச் சொல்ல என்று முடிந்து வைத்துக்கொள்வாள். அவள் வந்து வாயைத் திறந்ததும் அந்த முடிச்சு அவிழாமலே போய்விடும்.

துலுக்கானம் உடம்பு தேறினான். தேறத்தானே வேண்டும்.

"டாக்டரு பாத்துட்டாரு யக்கா. நாக்கெல்லாம் சுத்தமா கீதாம். திங்கக்கெழமலேர்ந்து கொழைய வெச்ச சோறு குடுக்கலான்ட்டாரு. அப்பாடா, உனுக்கும் பேஜாரு வுட்டுது."

வரலட்சுமி பிளேடும் கையுமாக நின்றாள். எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள். வேட்டி மடிப்பில் கிடந்த மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவசரப்படாத அங்கம்மா. டைபாய்டு திரும்பினா ஆளையே கொண்டுபோயிடும். எங்க ஊர் ஆஸ்பத்திரில பிரெஞ்சு டாக்டர் ஒருத்தர் இருந்தாரு. ஒரு மண்டலத்துக்குச் சோறே தொடக்கூடாதும்பாரு. ரொட்டிதான்."

அங்கம்மாவின் முகம் வெளுத்தது. திரும்பி வந்த டைபாய்டில் போன ஒரு சித்தப்பா அவளுக்கு உண்டு. வரலட்சுமிக்கு அது தெரியும். இதே மனைப்பலகையில் உட்கார்ந்து அங்கம்மா சொன்னதுதான்.

"ஒரு மண்டலமா?"

"ஒரு மண்டலம்."

"நல்லவேள சொன்ன. இந்த ஊரு டாக்டருக்கு இன்னா தெரியும்." அங்கம்மா முறத்திலிருந்து ஒரு தோலை எடுத்தாள். வரலட்சுமியும் எடுத்தாள். டீயை ஊற்றித்தான் அதை விழுங்கினாள்.

அங்கம்மா சொன்னால் சொன்னதுதான். வீட்டில் சோற்றுப் பானையை அவன் கைக்கு எட்டாமல் மூடி வைத்தாள். கருவாடு வாங்குவதை நிறுத்தினாள். துலுக்கானம் கெஞ்சினான், கத்தினான். ஒருநாள் ரொட்டியைத் தூக்கி எருமைக்கு எறிந்தான். எருமை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. இதையெல்லாம் அங்கம்மா காலையில் வந்து சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். வரலட்சுமியும் சிரிப்பாள். அவள் போனதும் முறத்தில் மீந்த தோலைத் தின்னாமல் அப்படியே மூடி வைத்துவிடுவாள்.

ஒரு மத்தியானம், அங்கம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், துலுக்கானமே வந்தான். சட்டை ஆணியில் மாட்டின மாதிரி தொங்கியது. தோளில் மட்டும் அந்தத் தரகுத் துண்டு.

"அண்ணி, உள்ள வரலாமா?"

"வாங்க. உடம்பு எப்படி இருக்கு?"

"ஒடம்பா? அது எங்க கீது?" மனைப்பலகையில் மெதுவாக உட்கார்ந்தான். "அண்ணி, ஒண்ணு கேக்கணும். அந்த டாக்டரு பேரு இன்னா?"

"எந்த டாக்டர்?"

"அதான், உங்க ஊரு பிரெஞ்சுக்காரன்."

வரலட்சுமி அடுப்புச் சாம்பலை வழிக்க ஆரம்பித்தாள். "பேரு... அது ரொம்ப நாளாச்சு."

"பேரு போவட்டும். எனுக்கு வேற ஒரு டவுட்டு. வெள்ளக்காரன் ஒரு வாரம்பான், ஒரு மாசம்பான். மண்டலக் கணக்கு எப்படி அண்ணி பேசுவான்? மலைக்கு மால போட்டவனா அவன்?"

சாம்பல் வழிக்கிற கை நின்றது.

துலுக்கானம் கோபப்படவில்லை. அவன் தொழிலில் பொய் என்பது துண்டு மாதிரி. அதற்கடியில் விரல் எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கவேண்டும். "பொம்பளைங்ககிட்ட துண்டு போட்டுப் பேச முடியாது. வாயாலயே பேசலாம். மாடு விக்க வர்றவன் கொம்பக் காட்டுவான், சுழியக் காட்டுவான். நானு அதப் பாக்கமாட்டேன். அவன் கண்ணு எங்க போவுதுன்னு பாப்பேன். எனுக்குச் சோறு போடக்கூடாதுன்றதுல உனுக்கு இன்னா லாபம்? ரொட்டிக்குத் துட்டும் வாங்கல. உனுக்கு இன்னாதான் வேணும் அண்ணி?"

அவள் கண் அவன் உட்கார்ந்திருந்த பலகைக்குப் போய், அங்கேயே நின்றது. துலுக்கானம் குனிந்து பலகையைப் பார்த்தான். நிமிர்ந்து மேடையைப் பார்த்தான். கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள் இரண்டு அங்கே இருந்தன.

"அட," என்றான். "இத வாயத் தொறந்து கேட்டா இன்னா?"

"என்னன்னு கேக்கறது? வேலை மெனக்கெட்டு வந்து என்கூட உக்காருன்னா?"

"அதுவும் சரிதான். இவ ஒருத்தன் ஊட்டுப் படி ஏறணும்னா ஒரு காரணம் வேணும். எங்க அக்கா ஊட்டுக்கே பொறந்தா போவா, செத்தா போவா. நடுவுல போவமாட்டா." தாடையைச் சொறிந்தான். தரகன் மூளை சோறு இல்லாமலும் வேலை செய்தது. "சரி, இப்படி முடிச்சிக்கலாம். வெள்ளிக்கெழம வரைக்கும் நானு ஒண்ணும் சொல்லமாட்டேன். குமணஞ்சாவடி ஓட்டல்ல கமுக்கமா துன்னுக்கிறேன். அவ ரொட்டிக்கு வந்துகினு இருப்பா. அதுக்குள்ள நீ எப்படியாவது அவள உன் பக்கம் இஸ்துக்கோ. வெள்ளிக்கெழம நீயே சொல்லிடு, மண்டலம் முடிஞ்சிட்ச்சின்னு. அவ ஒண்ணும் நாளு எண்ணிகினு இல்ல. இன்னா, சரியா?"

"சரி" என்றாள். அந்த வார்த்தை டக்கென்று வந்துவிட்டது.

அந்த வாரத்தை அவள் எப்படிச் செலவழித்தாள் என்று கேட்டால், வீணாகத்தான். காரணம் ஒன்று கண்டுபிடிக்கவேண்டும். தையல் சொல்லித் தரட்டுமா என்று கேட்டாள், "எருமைக்கு ஜாக்கெட்டா தெக்கப்போறேன்?" என்றாள் அங்கம்மா. கோயிலுக்குச் சேர்ந்து போகலாமா என்றாள், "பால் கறக்கற நேரத்துல சாமி கூடத்தான் என்னக் கூப்புடாது." பேச்சு அங்கேயே முடிந்தது. இன்னொரு நாள், அங்கம்மா வந்த பிறகு அவள் பார்க்கப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று மாவை மடிப்பிலேயே விட்டுக் காத்திருந்தாள். அங்கம்மா வரத் தாமதம். விரலால் அமுக்கினாள். குழி அப்படியே நின்றது. வெயில் மாவைத் தின்றுவிட்டது. எடுத்தபோது காற்றுப்போன சைக்கிள் ட்யூப் மாதிரி கையில் தொங்கியது. சுட்டதில் அன்றைக்குத் தோலே இல்லை, வெளிறிப்போன பட்டை. அங்கம்மா ஒரு துண்டு கடித்து, "இன்னா யக்கா, இன்னிக்கி உனுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டு, டீயைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. "மண்டலம் முடிஞ்சாச்சு, இனிமே சோறு போடு" என்று ஒரு வரி சொன்னால் போதும். துலுக்கானம் அவ்வளவு சுத்தமாக முடித்துக் கொடுத்திருந்தான். அங்கம்மா சந்தோஷமாகப் போவாள். அப்புறம் தெருவில் பார்த்தால் சிரிப்பாள். அதோடு சரி.

அங்கம்மா பலகையில் உட்கார்ந்து, டம்ளரை ஊதிக்கொண்டே சொன்னாள்: "பாவம் யக்கா அந்தாளு. நேத்து சோறு வடிச்ச தண்ணி வாசனைக்கு எழுந்து வந்து நின்னான். நானு கதவச் சாத்திகினு துன்னேன். அவன் பாக்க நானு எப்பிடித் துன்றது? எனுக்கே சோறு எறங்கல."

வரலட்சுமியால் அந்த ஒரு வரியைச் சொல்ல முடியவில்லை.

"அங்கம்மா, அப்படி ஒரு டாக்டர் கிடையாது."

"இன்னாது?"

"பிரெஞ்சு டாக்டர் யாரும் இல்ல. மண்டலமும் இல்ல. நானாச் சொன்னேன். உங்க டாக்டர் சொன்ன அன்னிக்கே சோறு போட்டிருக்கலாம்."

அங்கம்மா முதலில் சிரித்தாள், ஏதோ விளையாட்டு என்று. அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏன்?"

"ரொட்டி வேண்டாம்னா நீ வரமாட்ட. அதான்."

"அதுக்கு எம் புருசன பட்னி போட்டியா? எங்க சித்தப்பன் கதைய உன்னாண்ட சொன்னேனே, அத வெச்சே என்ன மடக்கிட்ட?"

"தப்புதான். அவர் வந்து கேட்டதும் ஒத்துக்கிட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓட்டல்ல சாப்பிட்டுக்கறேன்னு அவர்..." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

"யாரு வந்து கேட்டது? அந்தாளா? அவனுக்குத் தெரியுமா?" அங்கம்மா எழுந்தாள். சத்தம் தெருவரை போயிற்று. "தெரிஞ்சிகினா ஓட்டல்ல துன்னுட்டு வந்து, என் எதுருல பசிக்குது பசிக்குதுன்னு டபாய்ச்சான்? அவனும் நீயும் ஒக்காந்து, இத்தினி நாளிக்கு இவ இங்க வரட்டும்னு பேசி முடிச்சீங்களா? நானு இன்னா மாடா? எனுக்கே தெரியாம எனுக்கு வெல பேசறதுக்கு?"

"அங்கம்மா..."

"நானு ரொட்டிக்கா இங்க ஒக்காந்தேன்? டீக்கா ஒக்காந்தேன்? எங்காளு தேறிட்டப்புறமும் வந்துகினு கீறேனேன்னு எனுக்கே வெக்கமா இருந்தது. நல்லவேள மண்டலம்னு ஒண்ணு கீதேன்னு மனசத் தேத்திகினு வந்தேன். போ!"

சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாலைக்கூட ஊற்றவில்லை. எதிர்வீட்டு வாசலில் பொன்னியம்மா கூட்டுகிற சாக்கில் ஒரே இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும். துலுக்கானம் தெருவில் போகும்போது கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனான். அவன் தரகில் முறிந்த பேரம் அநேகமாக அதுதான் முதல். வரலட்சுமி மாவு பிசைவதை நிறுத்தவில்லை. வேறென்ன செய்வது? மடிப்பில் வைத்தாள், அமுக்கினாள், கீறினாள், ஆவி விட்டாள். ரொட்டி என்னவோ முன்னைவிட நன்றாகவே வந்தது. மனுஷர் கெட்டுக் கிடக்கிறபோது மாவு மட்டும் ஒழுங்காக எழும்புகிறதே என்று அதன்மேல்கூட எரிச்சல் வந்தது. "நானு ரொட்டிக்கா ஒக்காந்தேன்?" என்ற கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டு பேரும் ஒரே சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு, எதிராளிக்கு வேண்டாமோ என்று விலை சொல்லாமலே நின்றிருக்கிறார்கள்.

கோடை முற்றியது. கிணறுகள் காலை வாரிவிட்டன. தெரு முக்கில் தண்ணீர் லாரி வர ஆரம்பித்தது. லாரி எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. விடிந்ததிலிருந்து பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கும். பெண்கள் புங்க மரத்து நிழலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். வரலட்சுமி வீட்டுக் கொல்லையில் அடி பம்பு இருந்தது. அந்த வருஷமும் நாலு அடி அடித்தால் கொட்டியது. வேம்புலி ஆழமாக இறக்கியிருந்தான். லாரிக்கு நிற்கவேண்டிய அவசியம் அவளுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. பெண்கள் நிற்கிற இடத்தில் அவள் நின்றதும் இல்லை.

ஒருநாள் காலி குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றாள். பேச்சு சட்டென்று அடங்கியது. கன்னியம்மாள்தான், வாய் சும்மா இருக்காதவள், ஆரம்பித்தாள்.

"இன்னா பாண்டிம்மா, பம்பு பூட்ச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ரிப்பேர் என்றால் யார் வந்து அடித்துப் பார்க்கப்போகிறார்கள்?

"இல்ல. நல்லாத்தான் வருது."

"அப்பால இன்னாத்துக்கு இங்க வந்து நிக்கற?"

"உங்ககூட இருக்கலாம்னுதான். வேற ஒண்ணும் இல்ல."

ஒருத்தி கொல்லென்று சிரித்தாள். இன்னொருத்தி, "வெயிலு மண்டையில ஏறிட்ச்சி" என்றாள். பொன்னியம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அங்கம்மா வரிசையில் நாலு குடம் முன்னால், மரத்தடியில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. வரலட்சுமிக்குக் காது மடல் சுட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கை போயிற்று. போகவில்லை. நின்றாள். வெயில் நேராக உச்சியில் இறங்கியது.

வெகுநேரம் கழித்து அங்கம்மா, யாரையும் பார்க்காமல், புங்க மரத்தோடு பேசுகிற மாதிரி சொன்னாள்:

"கொடம் எங்கயும் ஓடிப்போவாது. நெழல்ல வந்து குந்தறவங்க குந்தலாம்."

யக்கா என்று சொல்லவில்லை. வரலட்சுமி போய் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. கன்னியம்மாள் விட்ட இடத்திலிருந்து தன் நாத்தனார் கதையைத் தொடர்ந்தாள். எந்த நாத்தனார், என்ன சண்டை என்று வரலட்சுமிக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் "ஐயே" என்ற இடத்தில் அவளும் மெல்ல "ஐயே" என்றாள்.

லாரி அன்றைக்கு வரவே இல்லை. ஒவ்வொருத்தியாகத் திட்டிக்கொண்டே எழுந்தார்கள். நாளைக்கு இடம் போய்விடக்கூடாது என்று குடங்களை அப்படி அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அங்கம்மாவும் புடவையில் ஒட்டின புங்கச் சருகைத் தட்டிவிட்டு நடந்தாள். வரலட்சுமி தன் குடத்தைப் பார்த்தாள். அதையும் அங்கேயே விட்டுவிட்டு, வெறும் கையோடு வீட்டுக்குப் போனாள்.